பன்னிரண்டாம் லயத்துப் பெற்றோலியம்

“கறுப்பா, மஞ்சளா?”

“கறுப்புங்க. வெயில் பட்டா மயில் கழுத்து மாதிரி மினுங்குது.”

“மணம்?”

“லாம்பெண்ணெ மணங்க. சோறு ஆக்கினா சோத்துல அடிக்குது, தேத்தண்ணி ஊத்தினா தேத்தண்ணியில அடிக்குது.”

“எப்ப இருந்து?”

“அந்தத் தார்ப் பீப்பாயக் கொண்டாந்து பீலிக்கு மேல வச்ச நாள்ல இருந்துங்க. அடியில ஓட்டை. அத அந்தாண்ட நகட்டி வச்சா...”

“பீப்பாய நான் கேக்கல்ல. எப்ப இருந்துன்னு கேட்டேன்.”

“சித்திர வருசம் முடிஞ்சு நாலாம் நாளுங்க.”

கேட்டவர் நெலுகந்தை றப்பர் தோட்டத்தின் பெரிய கிளாக்கர். பதில் சொன்னவர் இராமசாமி. அதே தோட்டத்தில் இருபத்தாறு வருடமாகப் பால் வெட்டுகிறவர். பன்னிரண்டாம் நம்பர் லயம் என்ற தொழிலாளர் வரிசைவீட்டில் நாலாவது காம்பராவில் குடியிருக்கிறவர். இரண்டாயிரத்து எட்டாம் வருடம் அது. கிளாக்கர் கந்தோர் ஜன்னலுக்கு உள்ளேயும் இராமசாமி வெளியேயும் நின்றார்கள். அந்தத் தோட்டத்தில் தொழிலாளி சொல்வது எதுவும் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே போகும். கதவு வேறு ஆட்களுக்கு.

விசயம் மிகவும் சின்னது. றப்பர் மரத்தின் வெட்டுப்பட்ட இடம் மழையில் நனைந்தால் அன்றைக்குப் பால் இல்லை. ஆகவே மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு மரத்துக்கும் பொலித்தீனில் ஒரு பாவாடை கட்டி, மேல் விளிம்பைத் தார் பூசி ஒட்டுவார்கள். தார் இளகுவதற்கு லாம்பெண்ணெய், அதாவது மண்ணெண்ணெய், கலப்பார்கள். அந்த வருடம் வேலை முடிந்து மிஞ்சிய பீப்பாயை ஏற்றி வந்த டிராக்டர், பன்னிரண்டாம் லயத்து ஏற்றத்தில் இருமிக்கொண்டு நின்றுவிட்டது. பாரம் குறையட்டும் என்று பீப்பாயை அந்த மேட்டிலேயே உருட்டிவிட்டுப் போனார்கள். மேட்டுக்கு நேர் கீழே பீலி. மலை ஊற்றுத் தண்ணீர் ஒரு தகரக் குழாய் வழியாக வந்து கல்லில் விழும் அந்த இடம்தான் பதினான்கு குடும்பங்களுக்குக் குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாம்.

இராமசாமிக்கு அவசரம் இருந்தது. மகள் கலைச்செல்வி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதம். அந்தத் தண்ணீரைக் குடித்தால் குடித்த வேகத்தில் வாந்தி எடுத்தாள். மருமகன் சதீஸ் தாய் தகப்பன் இல்லாதவன். கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் சாக்குகளுக்கு நடுவே படுத்து வேலை செய்தான். அவளுக்குப் போக வேறு இடம் கிடையாது.

தோட்டத்து முறைப்பாட்டுப் படிவத்தில் கூரை, மலசலகூடம், கழிவுநீர்க் கான், தண்ணீர் என்று நான்கு கட்டங்கள் இருந்தன. பீப்பாய்க்குக் கட்டம் இல்லை. கிளாக்கர் நல்ல மனிதர். தண்ணீருக்குரிய கட்டத்தில் ‘எண்ணெய் காணப்படுகிறது’ என்று அழகான கையெழுத்தில் எழுதினார். பீப்பாயைப் பற்றி எழுதக் கடதாசியைத் திருப்பினார். மறுபக்கத்தில் ‘கந்தோர்ப் பாவனைக்கு மட்டும்’ என்று அச்சடித்திருந்தது. அவர் மீண்டும் திருப்பி வைத்துவிட்டார்.

“போதும், போ. நான் தொரைக்குக் காட்டுறேன்.”

தொரை அந்த வாரம் மனக்கஷ்டத்தில் இருந்தார். உலகத்தில் எண்ணெய் விலை ஏறிக்கொண்டிருந்தது. எண்ணெயோடு சேர்ந்து றப்பர் விலையும் ஏறியது. பால் வெட்டுகிறவனின் சம்பளத்துக்கு மட்டும் யாரும் அந்தச் செய்தியைச் சொல்லவில்லை. ஏறிய இலாபத்தைக் கண்ட கம்பனி, ‘றப்பர் தவிர்ந்த வருமான வழிகள்’ என்று மாதம் ஓர் அறிக்கை கேட்கத் தொடங்கியது. பக்கத்துத் தோட்டத்துத் தொரை தேன் என்று எழுதினார். இன்னொருவர் உல்லாசப் பயணிகள் என்று எழுதினார். நெலுகந்தைத் தொரை மூன்று மாதமாக ‘இல்லை’ என்று எழுதிக் கொழும்பிலிருந்து திட்டு வாங்கியிருந்தார். நாலாவது மாதம் கிளாக்கர் நீட்டிய படிவத்தைப் பார்த்தார். நன்றியோடு பேனையை எடுத்து, ‘எண்ணெய்’ என்று எழுதினார்.

மூன்றாம் வாரம் நான்கு ஜீப்புகள் வந்தன.

வந்தவர்கள் தேசிய தரைவழி எண்ணெய் எதிர்பார்ப்புப் பணியகத்தார். கடலில் எண்ணெய் தேடுவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். தரையில் அதை எதிர்பார்ப்பது இவர்களுடைய கடமை. பணியகம் தொடங்கிப் பதினொரு வருடம். கழுத்துப்பட்டி கட்டிய உத்தியோகத்தர்கள் நாற்பத்தாறு பேர், மண்வெட்டி பிடிப்பவர்கள் இரண்டு பேர். பணிப்பாளர் குனிந்து பீலித் தண்ணீரை முகர்ந்தார். கண் கலங்கியது. லாம்பெண்ணெய் கண்ணுக்கு ஏறினால் கலங்கத்தான் செய்யும் என்று இராமசாமியின் மனைவி இலட்சுமி நினைத்துக்கொண்டாள்.

லயத்துச் சனத்தை வரிசையாக நிறுத்தி அவர் பேசினார்.

“முப்பத்திரண்டு வருட சேவையில் நான் ஒரு சொட்டு எண்ணெயைக்கூடக் கண்டதில்லை. ஆகவே இன்று கண்டபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. முன்பே பலதைக் கண்டு பழகியவன்தான் இதுவா அதுவா என்று குழம்புவான். எங்களுடைய பணியகத்தை வீண் செலவு என்று சிலர் பத்திரிகையில் எழுதினார்கள். பதினொரு வருடத்தில் நாங்கள் ஓர் இடத்தையாவது தவறாகத் தோண்டியிருக்கிறோமா? தோண்டினால்தானே தவறும். நாங்கள் பொறுமையாக இருந்தோம். எண்ணெய் தானாக வந்தது.”

இதை அவர் சிங்களத்தில் சொன்னார். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “இக்கனிய வளச் சாத்தியப்பாட்டின் வெளிப்படுத்துகையை முன்னிட்டு, இவ்விடமானது எதிர்பார்ப்பு வலயமாகப் பிரகடனப்படுத்தப்படுகின்றது” என்று தமிழில் சொன்னார்.

“என்னங்க சொல்றாரு?” என்றாள் இலட்சுமி.

“சிங்களத்துல சொன்னது வெளங்கிருச்சு. பீலியப் பூட்டப்போறாங்க. தமிழ்ல என்ன சொன்னாருன்னுதான் தெரியல” என்றார் இராமசாமி.

இராமசாமி வரிசையை விட்டு ஓர் அடி முன்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, மேட்டைக் காட்டினார். “சேர், அந்தா இருக்கு பாருங்க பீப்பாய். அதுல இருந்துதான் வடியுது.”

பணிப்பாளர் பீப்பாயைப் பார்த்தார். உதவிப் பணிப்பாளரைப் பார்த்தார். இருவருடைய முகமும் மலர்ந்தது.

“பார்த்தீர்களா, இந்த மக்கள் ஏற்கெனவே பீப்பாயில் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். எழுதிக்கொள்ளுங்கள்: உள்ளூர்வாசிகள் வளத்தை அறிந்து, கொள்கலன் வைத்துச் சேகரித்து வந்துள்ளனர். அந்தப் பீப்பாய் முக்கியமான தடயம். அதை யாரும் ஓர் அங்குலம் அசைக்கக் கூடாது.”

“அசைக்கலேன்னா வடிஞ்சுகிட்டே இருக்குமே, சேர்.”

“அதைத்தான் நாடு விரும்புகிறது” என்றார் பணிப்பாளர்.

அன்று பின்னேரமே பீலியைச் சுற்றி, கல்லில் விழுந்த தண்ணீர் மண்ணுக்குள் மறையும் இடம்வரை, முள்கம்பி எழுந்தது. ஒரு கதவும் பூட்டும் வந்தன. கீழூரிலிருந்து பியசேன என்ற ஐம்பது வயதுச் சிங்களவரைக் காவலுக்கு வைத்தார்கள். கம்பி பீலியோடு தீர்ந்துவிட்டதால் மேட்டிலிருந்த பீப்பாய்க்கு மூடியில் அரக்கு முத்திரை மட்டும் கிடைத்தது. பீலித் தண்ணீர் விழும் கல்லில் ஒரு கண்ணாடிக் குவளை வைத்தார்கள். மேலே மிதக்கும் எண்ணெயைத் தினமும் காலையில் வழித்து அளந்து, காவல் புத்தகத்தில் எழுதி, கொழும்புக்கு அறிவிப்பார்கள். நாளுக்கு ஒன்பது மில்லிலீற்றர். மழை பெய்த நாளில் பதினொன்று.

லயத்தார் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு மைல் கீழே ஓயா என்ற சிற்றாற்றுக்கு இறங்கினார்கள். தோட்டத்துத் தொழிற்சாலையில் றப்பர் சீட்டுத் தகடுகளைக் கழுவும் அமிலத் தண்ணீரும் அந்த ஓயாவில்தான் கலக்கும். புளித்த மோர் போல் நாறும். அதைக் காய்ச்சிக் குடித்தார்கள்.

இனித்தான் பன்னிரண்டாம் லயத்துக்கு வளம் வரத் தொடங்கியது.

முதலில் ருவான்வெல்லைக் கடைத்தெருவில் வந்தது. மக்கீன் நானாவின் பலசரக்குக் கடையில் இராமசாமி எப்போதும் வெளிப்படியில் நின்றுதான் சாமான் வாங்குவார். அன்று நானா அவரை உள்ளே கூப்பிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, ஒரு சோடாவையும் உடைத்துக் கொடுத்தார். பிறகு அரிசியின் விலையைச் சொன்னார்.

“போன கெழம இதவிடக் கொறவுதானே, நானா?”

“போன கெழம நீங்க தோட்டத்து ஆளு. இப்ப எண்ணெக்கார ஆளு. எண்ணெ ஈக்கிற ஊருல சாமான் வெல ஏறும், இராமசாமி அண்ணே. அது உலகத்து நடப்பு. நான் ஏத்தாட்டி, அங்க எண்ணெ இல்லண்டு ஊரு கதைக்கும். உங்களுக்குத்தான் மரியாதக் கேடு.”

“மரியாதைய வச்சு ஒல ஏத்த முடியுமா, நானா?”

“எங்கட மச்சான் குவைத்துல ஈக்கிறான். அங்க தண்ணியவிட எண்ணெ மலிவாம். நம்பேலாம இருந்திச்சு.”

“எங்க லயத்துலயும் இப்ப அப்படித்தான்” என்றார் இராமசாமி.

அடுத்து நிவாரண உத்தியோகத்தர் வந்தார். எண்ணெய் வளம் உள்ள குடும்பங்களுக்கு ஏழைகளுக்கான அட்டை எதற்கு என்று பதினான்கு அட்டைகளையும் வாங்கிக்கொண்டார். அட்டையோடு மலிவு விலை லாம்பெண்ணெயும் போயிற்று. எண்ணெய் எடுக்கிற ஊருக்கு வெளியிலிருந்து எண்ணெய் அனுப்புவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும் என்று அவர் விளக்கினார். அன்றிலிருந்து லயத்தில் பொழுது சாய்ந்தால் அடுப்பு வெளிச்சம் மட்டும்தான்.

பிறகு சங்கங்கள் வந்தன. தோட்டத்தில் இரண்டு தொழிற்சங்கங்கள். இரண்டுக்கும் கடைத்தெருவில் ஒரே கட்டடத்தில் கந்தோர். ஒன்று மேல் மாடியில், மற்றது கீழே. ஆகவே சனம் அவற்றை மேல்சங்கம், கீழ்ச்சங்கம் என்றே சொல்லும். மேல்சங்கத் தலைவர் பீலிக்கு மாலை போட்டார். கம்பி குறுக்கே இருந்ததால் மாலை கம்பியில்தான் விழுந்தது.

“தோழர்களே, இந்த எண்ணெயைக் கண்டுபிடித்தது எங்கள் சங்கம். எண்ணெய் பெருகினால் அது எங்கள் போராட்டத்தின் வெற்றி. பெருகாவிட்டால் அது கீழ்ச்சங்கத்தின் துரோகம். இரண்டுக்கும் நாங்கள் தயாராகத்தான் வந்திருக்கிறோம்.”

“தலைவரே, தண்ணிய மட்டும் கேட்டு வாங்கிக் குடுங்க. எண்ணெய நீங்களே வச்சுக்குங்க” என்றாள் இலட்சுமி.

தலைவர் சிரித்தார். “அம்மா, தண்ணீர் கேட்பது பழைய காலம். இனிமேல் நாம் பங்கு கேட்க வேண்டும்.”

கீழ்ச்சங்கத் தலைவர் மறுநாள் வந்து இதே பேச்சைப் பேசினார். பெயர்களை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

ஆனி மாதத்தில் வலயத்துக்குப் பாதுகாப்புத் தேவை என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியது. லயத்துக்கு ஏறும் ஒரே பாதையில் குறுக்கே மூங்கில் கட்டி, பக்கத்தில் ஒரு மேசையும் அதற்குப் பின்னால் ஒரு சோதனை உத்தியோகத்தரும் வந்தார்கள். எல்லோருக்கும் ‘வளப் பயனாளி’ என்று இலக்கம் போட்ட அட்டை கிடைத்தது. காலையில் வெளியே போகும்போது பதிவு, திரும்பி வரும்போது பதிவு. ஆட்களைவிட மேசைக்காரருக்குப் பெரிய கவலை திரவங்கள். எண்ணெயைக் கடத்துகிறவன் அதைக் கல்லாகவா கொண்டு போவான்? ஆகவே வலயத்துக்கு வெளியே போகும், உள்ளே வரும் எல்லாத் திரவமும் சோதிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு குடத்திலும் ஒரு கடதாசித் துண்டைத் தோய்த்து வெயிலில் காயப் போடுவார். காய்ந்த பின் கறை இருக்கிறதா என்று பார்த்துத்தான் குடத்தை விடுவார். மழை நாளில் கடதாசி காயாது. அன்று குடங்கள் மேசைக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கும், பெண்கள் அவற்றுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

குடம் காத்திருக்கும். பால் காத்திருக்காது. அதுதான் வினை. லயத்துக்குப் பின்னால் உள்ள மலைதான் அவர்கள் பால் வெட்டும் மலை. வெட்டிய பாலை அதே பாதையால் கீழே நிறுவைக்குக் கொண்டு போக வேண்டும். றப்பர் பாலுக்கு ஒரு நேரம் உண்டு. அது தவறினால் வாளியிலேயே உறைந்து கட்டியாகிவிடும். முதல் நாள் இராமசாமியின் இரண்டு வாளியும் மூங்கிலுக்கு இந்தப் பக்கம் நின்றன.

“இது றப்பர் பாலுங்க, மாத்தயா. வெள்ளையா இருக்கு. எண்ணெ கறுப்புன்னு உங்க ஆளுங்களே எழுதியிருக்காங்க.”

“வெள்ளை எண்ணெய் இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும்? நீ படித்தவனா?”

கடதாசி காய்ந்தபோது வாளிக்குள் பால் களியாகி, குச்சியால் குத்தினால் குச்சி நின்றது. உத்தியோகத்தர் எட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டார். “இனிக் கொண்டு போகலாம். இது இப்போது திரவம் இல்லை.”

கங்காணி அந்தக் கட்டியை நிறுத்துப் பார்த்துவிட்டு அரைப் பேர் போட்டார். அரைப் பேர் என்றால் முழு நாள் வேலைக்கு அரை நாள் கூலி. “நான் என்ன செய்ய, இராமசாமி? புத்தகத்துல பாலுக்குத்தான் முழுப் பேரு இருக்கு.”

மீறிப் போகலாமே என்று யாரும் கேட்கலாம். அந்த வருடம் வடக்கே போர் நடந்துகொண்டிருந்தது. தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்தில் சும்மா நிற்பதே ஏதோ குற்றம் செய்வது போலிருந்தது. அரசாங்க மூங்கிலைத் தாண்டுவதற்கு யாருக்குத் துணிவு வரும்?

கலைச்செல்விக்கு வலி கண்டது ஒரு செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரிக்குப் போகும் அவசர அனுமதிக்கு மூன்று நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று மேசைக்காரர் வருத்தத்தோடு சொன்னார். அவசரத்துக்கு மட்டும் மூன்று நாள், சாதாரணத்துக்கு ஏழு. தோட்டத்து உத்தியோகத்தருக்கு மூங்கில் திறக்கும். மருத்துவிச்சி நோனா ஓடி வந்து காம்பராவிலேயே பிள்ளையை எடுத்தாள். ஆண் பிள்ளை. ஓயாத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துத்தான் முதல் குளிப்பாட்டல்.

பதினாறாம் நாள் சதீஸ் கொழும்பிலிருந்து ஒரு பொதியோடு வந்தான். அவனுடைய பெயர் பயனாளிப் பட்டியலில் இல்லை. மூங்கிலுக்கு வெளியே நின்றான். இலட்சுமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நின்று துணியை விலக்கிக் காட்டினாள்.

“மூக்கு என்னோட மூக்கு, மாமி” என்றான்.

“மூக்க மட்டும் பாருங்க. வாயி எங்க பக்கம். இந்த வயசுலயே ஊரக் கூட்டுறான்.”

“கொஞ்சம் இங்கிட்டுக் குடுங்க. தூக்கிப் பாத்துட்டுத் தர்றேன்.”

மேசைக்காரர் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு தரம் புரட்டினார். “இந்தப் பிள்ளையை வெளியே விட முடியாது.”

“ஏனுங்க?”

“வெளியே போகிற ஆளுக்கு உள்ளே வந்த பதிவு இருக்க வேண்டும். இந்தப் பிள்ளை உள்ளே வரவேயில்லையே. வராத ஆள் எப்படிப் போவது?”

இராமசாமி அவருக்குப் பிள்ளை எப்படி வந்தது என்று சொல்ல வாயெடுத்தார். வயதுக்கு வந்த பெண்கள் சுற்றி நின்றதால் நிறுத்திக்கொண்டார். சதீஸ் பொதியைத் தந்துவிட்டு, அதில் திரவம் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மாலைப் பஸ்ஸில் திரும்பிப் போனான். தடுப்பூசி போடும் நாள் வந்தபோது, மருந்துக் குப்பியைச் சோதனைக்குக் கொடுக்க மனமில்லாமல், நோனா மூங்கிலுக்கு அந்தப் பக்கம் நின்று, இந்தப் பக்கம் நீண்ட தொடையில் ஊசி குத்தினாள். ஊசி மருந்து திரவம்தான். ஆனால் அது பிள்ளைக்குள் போய்விட்டதால் மேசைக்காரருக்குக் கடதாசி தோய்க்க இடமிருக்கவில்லை.

புரட்டாசி முடிவதற்குள் பிள்ளையின் உடம்பெல்லாம் கொப்புளம் போட்டது. இடுப்பு மடிப்பில், கழுத்தில், காதுக்குப் பின்னால். நோனா பார்த்துவிட்டு, “மருந்து தர்றேன். ஆனா இந்த அமிலத் தண்ணியில குளிப்பாட்டினா மருந்து நிக்காது. சுத்தமான தண்ணி வேணும்” என்றாள். கலைச்செல்வி கம்பிக்கு அப்பால் விழுந்துகொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள். இராமசாமி எழுந்து வெளியே போனார்.

அவருக்குத் தெரிந்தது பால் வெட்டு. மரத்தில் பால் வடிந்த வடுவில் மறுநாள் ஒரு நீளமான றப்பர் நூல் காய்ந்து ஒட்டியிருக்கும், ஒட்டுப்பால் என்பார்கள். உரித்து உருட்டினால் பந்தாகும், எந்த ஓட்டையையும் அடைக்கும். விடியற்காலையில் வெட்டுக்குப் போகும் வழியில் மேட்டில் ஏறி, ஒரு பிடி ஒட்டுப்பாலைப் பிசைந்து பீப்பாயின் அடியில் திணித்தார். முத்திரை மூடியில்தான் இருந்தது; மூடியை அவர் தொடவில்லை. ஓர் அங்குலமும் அசைக்கவில்லை. சட்டத்தை முழுக்கக் காப்பாற்றிக்கொண்டு கீழே இறங்கினார்.

இரண்டு மழை பெய்தது. மண்ணில் ஊறியிருந்த தார் கழுவிப் போயிற்று. பத்தாம் நாள் பீலித் தண்ணீர் பளிங்கு போல் விழுந்தது. லயமே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தது. இனி எண்ணெய் இல்லை. எண்ணெய் இல்லாத இடத்தில் எதிர்பார்ப்புக்கு என்ன வேலை? பூட்டைத் திறந்துகொண்டு போய்விடுவார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். இராமசாமி குடத்தைப் புளி போட்டு விளக்கி வைத்தார்.

ஒன்பது, ஆறு, இரண்டு, சைபர் என்று கொழும்புக்குத் தகவல் போனதும் ஜீப்புகள் திரும்பி வந்தன. இந்த முறை ஆறு. கந்தோரில் விசாரணை நடந்தது. இராமசாமி முதல் முறையாகக் கதவு வழியாக உள்ளே போனார்.

“உற்பத்தி ஏன் நின்றது?” என்றார் பணிப்பாளர்.

பிள்ளையின் முதுகு இராமசாமியின் கண் முன் நின்றது. “நான்தாங்க நிப்பாட்டினேன். பீப்பாய் ஓட்டைய ஒட்டுப்பால் வச்சு அடைச்சேன். எண்ணெ தரைக்குள்ள இருந்து வரல்ல, சேர். பீப்பாயில இருந்துதான் வந்துச்சு. என்ன ஜெயில்ல போட்டாலும் போடுங்க. பீலியத் தொறந்து விடுங்க.”

பணிப்பாளர் எழுந்து வந்து இராமசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“பெரியவரே, உலகத்தில் எண்ணெய்க் கிணற்றை மூடுவதற்கு வெளிநாட்டிலிருந்து நிபுணர்களை விமானத்தில் வரவழைக்கிறார்கள். நீங்கள் ஒரு கையளவு றப்பரால் மூடிவிட்டீர்கள். அதுவும் எப்போது? உலகச் சந்தையில் விலை பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும் இந்த மாதத்தில். இப்போது எண்ணெயை எடுப்பவன் முட்டாள். நிலத்துக்குள் விட்டு வைப்பவன் தேசபக்தன். நாங்கள் இரண்டு கூட்டம் போட்டும் வராத முடிவு இது.”

“சேர், நான் சொன்னது பீப்பாய்...”

“அடக்கம் நல்லதுதான். எழுதுங்கள்: உற்பத்தி நிற்கவில்லை. கிணறு வெற்றிகரமாக மூடப்பட்டு, எதிர்காலச் சந்ததிக்கான சேமிப்பாகப் பேணப்படுகிறது. விலை ஏறும் வரை வலயத்தை யாரும் தொடக் கூடாது.”

“வெல எப்பங்க ஏறும்?”

“அதை எதிர்பார்ப்பதுதான் எங்கள் வேலை” என்றார் பணிப்பாளர். இராமசாமிக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் அவருடைய பெயர் சரியாகவே எழுதியிருந்தது. மேல்சங்கம் அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. கீழ்ச்சங்கம் அவரைக் கருங்காலி என்று சுவரொட்டி ஒட்டியது.

எண்ணெய் விலை விழுந்ததும் றப்பர் விலையும் கூடவே விழுந்தது. இந்தச் செய்தியைக் கம்பனி அன்றைக்கே பால் வெட்டுகிறவர்களுக்குச் சொல்லிவிட்டது. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. மக்கீன் நானா ஏற்றிய விலை இறங்கவில்லை. வருடக் கடைசியில் பணியகத்தின் செலவுப் பணம் தீர்ந்தது. மேசைக்காரர் போய்விட்டார். மேசையும் மூங்கிலும் மிஞ்சின. முதல் இரண்டு நாள் பெண்கள் ஆளில்லாத மேசைக்கு முன்னால் குடத்தை இறக்கி வைத்து, கடதாசி காயும் நேரம் நின்றுவிட்டுத்தான் போனார்கள்.

பியசேனவை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. வலயம் பேணப்படும் வரை காவல் இருக்க வேண்டும் என்ற கடிதம் அவரிடம் இருந்தது. விட்டுப் போனால் வேலையை விட்டு ஓடியவர் என்று எழுதிவிடுவார்கள். கம்பிக்குள் ஒரு தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு அங்கேயே கிடந்தார். பணிப்பாளர் வந்தால் மட்டும் கதவைத் திறக்க வேண்டும் என்பது கட்டளை. அவரும் அதற்குக் கட்டுப்பட்டவர். மனைவி கொண்டு வரும் சோற்றுப் பார்சலையும் தண்ணீர்ப் போத்தலையும் கம்பிக்கு மேலால் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். பீலித் தண்ணீர் பத்து அடி தள்ளி விழுந்துகொண்டிருக்க, அவர் போத்தலில் குடித்தார்.

தை பிறப்பதற்கு முந்திய வாரம், வேலை இல்லாத ஒரு நாள். பிள்ளை விடியற்காலையிலிருந்து அழுது, தொண்டை கட்டி, இப்போது அழுகை காற்றாக வந்தது. முதுகில் கொப்புளங்கள் உடைந்து துணியில் ஒட்டியிருந்தன. கலைச்செல்வி துணியைப் பிரிக்கத் தண்ணீர் கேட்டாள். குடத்தின் அடியில் கிடந்த ஓயாத் தண்ணீரைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, மீண்டும் குடத்திலேயே ஊற்றினாள். இராமசாமி அந்தத் தண்ணீரை வெளியே கொட்டினார். வெறும் குடத்தோடு பீலிக்குப் போனார்.

பியசேன கொட்டில் வாசலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். லயத்திலிருந்து அழுகை அவருக்கும் கேட்டது. நிமிர்ந்தார். இராமசாமி முள்ளில் கை படாமல் குடத்தைக் கம்பிக்கு மேலே தூக்கி, அந்தப் பக்கம் நீட்டிப் பிடித்தார். வெறும் குடம்தான், ஆனாலும் கை நீட்டியபடி பிடிக்கக் கனத்தது. தண்ணீர் கல்லில் விழும் சத்தத்துக்கு மேலாகக் கேட்கும்படி, சிங்களத்தில் சொன்னார்:

“பியசேன அய்யே, கதவத் தொறக்க வேணாம். புத்தகத்துலயும் எழுத வேணாம். நீங்க உள்ளதானே இருக்கீங்க. இத வாங்கி, ஒரே ஒரு தடவ, அந்தப் பீலிக்குக் கீழ வைங்க.”